வாசலைத் திருப்பிய துறைமுகம்

வங்கக் கரைத் துறைமுகங்கள் – 9

சென்னைக் கடற்கரையில் 1861இல் கட்டிய இரும்புக் கடற்பாலத்தை 1868, 1872 புயல்கள் பயனற்றதாக்கிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ஒரு முழுத் துறைமுகமே கட்டத் துணிந்தார்கள். கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினார்கள். நடுவே கப்பல் நுழைய ஒரு வாசல் விட்டார்கள். அந்த வாசல் முதலில் கிழக்கைப் பார்த்தது. சுமார் 30 ஆண்டுகளுக்குள் அதை அடைத்துவிட்டு வடகிழக்கு மூலையில் வேறொரு வாசல் திறக்க வேண்டியதாயிற்று. ஒரு துறைமுகம் தன் வாசலை ஏன் மாற்றிக்கொண்டது என்பதுதான் இந்த வாரக் கதை.

துறையில்லாத பட்டினம்

1639இல் பிரான்சிஸ் டே இந்த மணல்கரையைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே கப்பல் ஒதுங்க வளைகுடாவும் இல்லை, ஆழமான ஆற்று முகமும் இல்லை. அடுத்த இரண்டரை நூற்றாண்டும் கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. இடையில் வரிசை வரிசையாக அலைகள் உடையும் பட்டை. அதைத் தாண்டி ஆளும் சரக்கும் வந்தது மசூலா படகுகளில்தான்.

அந்தப் படகுக்கு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பும். பின்னால் நீண்ட துடுப்போடு நிற்கும் தண்டேல் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலை கடந்து அடுத்தது எழுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் அவர் குரல் கொடுத்தால் துடுப்புக்காரர்கள் மூச்சைப் பிடித்து வலிப்பார்கள். ஒரு கணம் பிசகினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். விழுந்தவர்களைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே வரும். நங்கூரமிட்ட கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகும் கட்டுமரக்காரர் அதை ஓலையில் முடைந்த தொப்பிக்குள் வைத்து நனையாமல் கொண்டு சேர்ப்பார். இன்று நாம் பைலட் என்று அழைக்கும் தொழிலின் சாரம், கடலின் நேரம் பார்த்துக் கலத்தை உள்ளே கொண்டுவருவது. சென்னையில் அதை முதலில் செய்தவர்கள் இந்தப் படகோட்டிகள்தான். துறைமுகத்துக்குக் கால்கோள் விழா நடத்தியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. இவர்கள் பெயர் எங்கும் இல்லை.

இரவில் வரும் கப்பலுக்கு இடம் காட்ட 1796இல் கோட்டைக்குள் அதிகாரிகளின் உணவு விடுதி மாடியில் விளக்கு ஏற்றினார்கள். 1844இல் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல்தூணுக்கு மாறியது. 1894இல் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கே போனது. இப்போதைய மெரினா கலங்கரை விளக்கம் 1977 ஜனவரியில்தான் ஒளி வீசத் தொடங்கியது.

விளக்கு இடத்தைத்தான் காட்டும், புயலைத் தடுக்காது. வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கரை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1746 அக்டோபரே சாட்சி. சென்னையைப் பிடித்து வெற்றிக் களிப்பில் இருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை ஒரே இரவுப் புயல் சிதறடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் மாண்டனர். அந்தக் காலத்தில் அக்டோபர் 15ஆம் தேதி கோட்டைக் கொடிமரத்தில் கொடியை இறக்குவார்கள். மறுபடி ஏற்றுவது டிசம்பர் 15க்குப் பிறகு. அந்த இரண்டு மாதமும் இங்கே நங்கூரமிடுவது உயிரோடு விளையாடுவது என்று அதற்குப் பொருள்.

கிழக்கு பார்த்த வாசல்

1875 டிசம்பரில் சென்னை வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர், துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வரைபடம் தந்தவர் கராச்சித் துறைமுகப் பணியில் அனுபவம் பெற்ற பொறியாளர் வில்லியம் பார்க்ஸ். வேலை சூடுபிடித்த ஆண்டுகள் தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டிய ஆண்டுகள். ஒரு பக்கம் அலைத்தடுப்புக்கான கான்கிரீட் பாளங்கள் கடலில் இறங்கின. இன்னொரு பக்கம் கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் கரையில் மலையாகக் குவிந்தன. உள்நாட்டில் மக்கள் சோறின்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்ஸின் திட்டம் பார்வைக்கு எளிமையானது. ஒன்றுக்கொன்று சுமார் 3,000 அடி இடைவெளியில் இரண்டு சுவர்கள் கரையிலிருந்து கடலுக்குள் நேராகப் போகும். நுனியில் இரண்டும் உள்நோக்கி மடங்கும். மடங்கிய நுனிகளுக்கு நடுவே சுமார் 500 அடி அகலத்தில் நேர் கிழக்கு பார்த்த வாசல். உள்ளே ஏறத்தாழ 200 ஏக்கர் நீர்ப்பரப்பு.

வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், புயல் வந்தது. அலைத்தடுப்புச் சுவரில் அரை மைல் நீளம் போயிற்று. மேல் இரண்டு அடுக்குப் பாளங்களை அலை பெயர்த்துத் துறைமுகத்துக்குள்ளேயே வீசியது. பாளங்களை இறக்கிய டைட்டன் ராட்சதக் கிரேன்கள் இரண்டு கவிழ்ந்தன. அடித்தளமாகக் கொட்டியிருந்த கற்குவியல் பரவித் தாழ்ந்தது. கட்டுமானத்துக்குப் போட்டிருந்த ரயில் பாதையில் ஒன்றரை மைல் அடித்துப் போனது.

மறுபடி கட்டும் முன் நிபுணர்கள் கூடி ஆராய்ந்தார்கள். வாசல் கிழக்கே இருக்கலாமா, வடகிழக்கே திரும்ப வேண்டுமா என்ற வாதம் அப்போதே எழுந்தது. முடிவில் கிழக்கே வென்றது. மாலுமியின் கண்ணில் கிழக்கு வாசல் வசதியாகத்தான் தெரிந்திருக்கும்: ஆழ்கடலிலிருந்து நேரே வரலாம், திரும்ப வேண்டியதில்லை. ஆனால் கப்பல் நேரே வரக்கூடிய வாசலில் அலையும் நேரே வரும். உள்ளே மிதவைகளில் கட்டிக் கிடந்த கப்பல்கள் உருண்டு புரண்டன. சரக்கு இறக்க அப்போதும் படகுகளே தேவைப்பட்டன. பெரும்புயல் அறிகுறி தெரிந்தால் துறைமுகத்தை விட்டு வெளியேறித் திறந்த கடலுக்கு ஓடுவதே கப்பல்களுக்குப் பாதுகாப்பு. அடைக்கலம் தர வேண்டிய இடத்திலிருந்து கப்பல் தப்பி ஓட வேண்டியிருந்தது என்றால், அந்த வாசல் சரியாக அமையவில்லை என்றே பொருள்.

நடக்கும் மணல்

அலையை விடப் பெரிய எதிரி மணல். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும்போது நேராக இழுக்கிறது. இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி மணல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் அது தெற்கே திரும்பும். ஆனால் அந்த மாதங்கள் குறைவு. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

இந்தப் பாதையின் குறுக்கே ஒரு சுவரை நீட்டினால் என்ன ஆகும்? தெற்குச் சுவரில் மணல் தட்டிச் சேர ஆரம்பித்தது. கரை கடலுக்குள் முன்னேறியது. இன்றைய ராஜாஜி சாலையும் கோட்டையின் கிழக்கு மதிலும் ஒரு காலத்தில் அலைச் சத்தம் கேட்ட இடங்கள். கடல் அங்கிருந்து பின்வாங்கிப் போயிற்று. ஆளுநர் மவுண்ட் ஸ்டூவர்ட் கிராண்ட் டஃப் 1880களின் நடுவில் கடற்கரை நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். இன்று நாம் கால் புதைய நெடுந்தூரம் நடந்து அலையைத் தொடும் அந்த அகன்ற மணல்வெளியின் பெரும்பகுதி துறைமுகச் சுவர் பிடித்து வைத்த மணல்.

சுவரின் பக்கத்தில் மணலுக்கு இடம் நிறைந்துகொண்டே வந்தது. நிறைந்த மணல் சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போகப் பார்க்கும். முனையைச் சுற்றியதும் அது முதலில் சந்திப்பது கிழக்கு வாசலை. அங்கே ஆழம் குறையத் தொடங்கியது. துறைமுகத்தைக் கட்டியவர்கள் கப்பலுக்குத் திறந்த வாசல் மணலுக்கும் திறந்திருந்தது.

ஸ்பிரிங் எடுத்த முடிவு

1904இல் துறைமுகப் பொறுப்பை ஏற்றவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ரயில்வே பொறியாளராக இருந்தவர். இந்தியாவின் மணலாறுகளில் பாலம் கட்டும்போது ஆற்றின் போக்கை எப்படிக் கரைகட்டி நெறிப்படுத்துவது என்று 1903இல் நூலே எழுதியவர். ஓடும் நீரும் நகரும் மணலும் அவருக்குப் பழக்கமானவை. மணலை அவர் ஒருமுறை தூர்வாரித் தீர்த்துவிடும் தொல்லையாகப் பார்க்கவில்லை. அதன் போக்கை அளந்தார். கரை ஆண்டுக்கு எவ்வளவு முன்னேறுகிறது, கடலடியில் ஆழம் எங்கே குறைகிறது என்று கணக்கு வைத்தார். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய கடலோர மணல் நகர்வைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தின் 1912–13ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றது. உலகக் கடற்கரைப் பொறியியலில் இந்தத் துறை குழந்தையாக இருந்த காலம் அது.

அவர் எடுத்த முடிவு துணிச்சலானது. கோடிக் கணக்கில் கொட்டிக் கட்டிய கிழக்கு வாசலை முற்றாக அடைத்துவிடுவது. வடகிழக்கு மூலையில் சுமார் 400 அடி அகலத்தில் புது வாசல் திறப்பது. அதன் வெளிப்புறம் மறைப்பாக ஒரு கரத்தை வடக்கு நோக்கி நீட்டுவது. 1911 வாக்கில் கப்பல்கள் புது வழியே போகத் தொடங்கின. கிழக்கிலிருந்து வரும் அலை இப்போது வெளிக்கரத்தில் மோதியது. தெற்கிலிருந்து வரும் மணலுக்கு வாசல் முதுகைக் காட்டியது. மாலுமிக்குக் கொஞ்சம் வளைந்து வரும் சிரமம் சேர்ந்தது. பதிலுக்கு உள்ளே அமைதியான நீர் கிடைத்தது. நீர் அமைதியானதால்தான் கப்பலைச் சுவரோடு அணைத்துக் கட்டி நேராகச் சரக்கு இறக்க முடிந்தது. 1920 முடிவதற்குள் மேற்குத் துறைமேடையில் நான்கு, கிழக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்று எனத் தளங்கள் தயாராகிவிட்டன. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மசூலா படகு தேவைப்படாத காலம் வந்தது.

இதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில் 1912 மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் சீனிவாச ராமானுஜன். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் தலைவர் ஸ்பிரிங்கும் அந்த இளைஞரின் கணிதத்தை உணர்ந்து கைதூக்கிவிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. வாசலைத் திருப்பிய மனிதர் என்பதும் அவரை நினைக்க அதே அளவுக்குத் தகுந்த காரணம்.

பைலட் ஏறும் இடம்

இன்று ஒரு பெரிய கப்பல் சென்னைக்குள் எப்படி வருகிறது? கடலில் வெட்டிய சுமார் 7 கி.மீ. நீளக் கால்வாய் வழியே வருகிறது. சென்னையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் போல ஏறும் ஓதத்தை நம்பிப் பெரிய கப்பலை உள்ளே கொண்டுவர முடியாது. வேண்டிய ஆழத்தைத் தூர்வாரித்தான் பெற வேண்டும். பெற்ற ஆழத்தைத் தூர்வாரித்தான் காக்க வேண்டும்.

கால்வாய்க்கு வெளியே பைலட் படகு கப்பலை நெருங்குகிறது. கப்பல் தன் உடலைத் திருப்பி, காற்றும் அலையும் படாத பக்கத்தைப் படகுக்குக் கொடுக்கிறது. கயிற்றில் கோத்த மரப்படிகள் கொண்ட ஏணி பக்கவாட்டில் தொங்குகிறது. படகு அலையில் ஏறி இறங்குகிறது. படகு உச்சிக்கு வரும் நொடியில் பைலட் ஏணியைப் பிடித்துக் காலை வைத்துவிட வேண்டும். தாழும்போது தாவினால் அடுத்த அலையில் எழும் படகு காலை நசுக்கும். அந்த நொடியைக் கணிக்கும் கண், பழைய தண்டேலிடம் இருந்த அதே கண்.

கப்பலைச் செலுத்தும் மேல்தளத்துக்கு ஏறியதும் கேப்டனும் பைலட்டும் விவரம் பரிமாறுகிறார்கள்: கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது, எஞ்சின் பின்னோக்கி ஓட எவ்வளவு நேரம் பிடிக்கும், எத்தனை டக் கப்பல்கள் காத்திருக்கின்றன. கப்பலின் பொறுப்பு கேப்டனிடமே இருக்கிறது. அந்த நீரைப் பற்றிய அறிவு பைலட்டிடம். பிறகு கட்டளைகள் தொடங்கும். "ஸ்டார்போர்டு டென்" என்பார் பைலட். சுக்கான் பிடித்தவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்புவார். "மிட்ஷிப்ஸ்", "ஸ்டெடி". ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை ஒலிக்கும். காதில் தவறாக விழுந்த ஒரு சொல் கப்பலைச் சுவரில் ஏற்றிவிடும். இடப்பக்கம் சிவப்பு மிதவை, வலப்பக்கம் பச்சை. நடுவில் போக வேண்டும்.

கடினமான கட்டம் வாயில்தான். வெளியே கரையோர நீரோட்டம் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தென்மேற்குப் பருவத்தில் அது வடக்கே ஓடும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே ஓடும். ஆக, ஜூலையில் பழகிய கணக்கு நவம்பரில் உதவாது. கப்பலின் மூக்கு சுவர்களுக்கு நடுவே அமைதியான நீருக்குள் நுழையும்போது வால் இன்னும் ஓட்டத்தில் இருக்கும். மூக்கை யாரும் தள்ளவில்லை, வாலை நீர் தள்ளுகிறது. கப்பல் திரும்பிவிடப் பார்க்கும். அதைச் சமாளிக்க வேகம் வேண்டும், வேகம் இல்லாவிட்டால் சுக்கான் பேச்சைக் கேட்காது. ஆனால் அதே வேகத்தோடு உள்ளே போனால் நிற்க இடம் போதாது. சரக்கேற்றிய பெரிய கப்பல் தானாக நிற்க ஒரு மைலுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வாசலைத் தாண்டும் வரை வேகம் வேண்டும், தாண்டியதும் வேகம் சாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில நிமிடங்கள்தான் பைலட்டின் தொழில். பின்னால் கயிறு கட்டிய டக் கப்பல் இழுத்துப் பிடிக்கிறது, இன்னொன்று தோளில் தள்ளுகிறது. வடக்கே 1972இல் எண்ணெய்க் கப்பல்களுக்காக வந்த பாரதி டாக், அதற்குள்ளே ஸ்பிரிங்கின் பழைய துறைமுகமான அம்பேத்கர் டாக், தெற்குக் கோடியில் 1964இல் திறந்த ஜவகர் டாக். உள்ளே போகப் போக இடம் குறுகுகிறது, பொறுமை கூட வேண்டியிருக்கிறது.

வடக்குக் கரை கொடுத்த விலை

இத்தனையும் நடந்த பிறகும் ஒரு கணக்கு பாக்கி நிற்கிறது. தெற்கே மெரினாவில் சேர்ந்த மணல் வடக்கே போயிருக்க வேண்டிய மணல். அது போகாததால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கரை அரிந்தது. கடல் தெருக்களையும் வீடுகளையும் கட்டுமரம் ஏற்றி வைத்த மணல்திட்டுகளையும் தின்றது. பாறாங்கல் கொட்டினார்கள். ஓரிடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். தெற்கில் மக்கள் மாலைக் காற்று வாங்கும் கடற்கரை கிடைத்தது. வடக்கில் மீனவர் குடும்பங்கள் வீட்டை இழந்தன. இரண்டும் ஒரே சுவரின் விளைவு. மசூலா படகையும் கட்டுமரத்தையும் செலுத்தி இரண்டரை நூற்றாண்டு இந்த நகருக்கு வாசலாக இருந்த மக்களின் வழிவந்தவர்களும் அந்தக் குடும்பங்களில் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஸ்பிரிங் மணலின் போக்கை மதித்தார், வாசலைக் காப்பாற்றினார். ஆனால் மணலை வடக்கே கொண்டுசேர்க்கும் கடமை யாருடைய திட்டத்திலும் இடம்பெறவில்லை. முடியாத காரியமும் அல்ல அது. 1933இல் திறந்த விசாகப்பட்டினத் துறைமுகத்தில் இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைத்தடுப்பாக்கினார்கள்; அதன் மறைவில் படியும் மணலை வாரி மறுபக்கக் கரைக்குத் தள்ளினார்கள். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்ததும் நகரக் கடற்கரை காணாமல் போனது. சில ஆண்டுகளுக்கு முன் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் தடுப்பு அமைத்து மணலை மீட்டுக் காட்டியது.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 2001இல் காமராசர் துறைமுகம் வந்தது, பிறகு காட்டுப்பள்ளி வந்தது. விரிவாக்கத் திட்டங்களும் பேசப்படுகின்றன. துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கப்பல் வராவிட்டால் இந்த நகரமே இல்லை. ஆனால் இனி எந்த வாசல் கட்டினாலும், அதைத் தூர்வாரிக் காக்கும் செலவோடு அதன் வடக்கே உள்ள கரையைக் காக்கும் செலவையும் அதே திட்ட மதிப்பீட்டில், அதே பக்கத்தில் எழுத வேண்டும். அந்தத் தொகை எழுதப்படாத திட்டத்துக்கு அனுமதி தரக்கூடாது. 1875இல் இது தெரியாது என்று சொல்லலாம். ஸ்பிரிங் அளந்து எழுதிவைத்து நூறாண்டு கடந்த பிறகு அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

(தொடரும்)